ஒரே உலை, நாலு கோப்பை: நிறையைக் கவனித்துச் சாப்பிடத் தொடங்குபவர்களுக்கு

"இன்னும் கொஞ்சம் போடட்டே பிள்ளை?" என்று அம்மா கேட்பா. நான் வாயைத் திறப்பதற்குள் ஓர் அகப்பைச் சோறு கோப்பையில் விழுந்துவிடும். "காணுமணை, காணும்" என்று கையால் மறித்தால் முகம் வாடிப்போகும். அந்த வாட்டத்தின் காரணம் எனக்குத் தெரியும். 2009இல், போரின் கடைசி மாதங்களில், அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவ அவ. அந்தக் கஞ்சியைத்தான் ஒவ்வொரு மே மாதமும் வீதியோரத்தில் காய்ச்சி, சிரட்டையில் வார்த்துக் குடிக்கிறோம். சோற்றுப் பானை நிறைந்திருப்பதைப் பார்த்தால்தான் நித்திரை வரும் என்கிற மனிதர்கள் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினால் அது காதில் ஏறாது. ஏறவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆனால் அதே வீடுகளில்தான் இப்போது சீனி வருத்தம் (நீரிழிவு), பிரசர், முழங்கால் நோ எல்லாம் வந்து குந்தியிருக்கின்றன. மாதாமாதம் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கே பஸ்ஸுக்கு நிற்கிறோம். எங்கள் வீட்டில் நாலு பேர். அம்மாவுக்குச் சீனி. நான் வீட்டில் இருந்து தைக்கிறேன். நிறை 66 கிலோ வரை ஏறியது. என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக்கால் போட்டு ஓட்டோ ஓடுகிறார். மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஈர்க்குப் போல இருக்கிறான். நாலு பேருக்கும் நாலு விதமாகச் சமைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஒரே உலைதான். அந்த ஒரே உலையிலிருந்து நாலு கோப்பைக்கும் எது எவ்வளவு போகிறது என்பதை மாற்றினேன். (எங்கள் பக்கம் சாப்பிடுகிற தட்டைத்தான் கோப்பை என்போம்.) அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நிறை எப்படி ஏறுகிறது

உடம்புக்குள் போகிற சாப்பாடு எரிபொருள். அதை அளக்கிற அலகு கலோரி. ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்திலும் 4, ஒரு கிராம் கொழுப்பில் 9. உள்ளே போவது செலவாவதைவிடக் கூடினால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சேர்ந்திருப்பது ஏறக்குறைய 7700 கலோரி. இது ஒருநாள் விருந்தில் சேர்வதில்லை. நாளுக்கு நூறு, இருநூறு என்று வருசக்கணக்காகச் சேர்வது. அதனால் இறங்குவதும் அப்படித்தான் இறங்கும். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் நல்ல வேகம். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று சொல்லி ஒரு பவுடரையோ கசாயத்தையோ யாராவது விற்க வந்தால் காசை வீணாக்காதீர்கள்.

எங்கள் அப்பு, அம்மம்மா காலத்தில் மூன்று நேரமும் குவித்துச் சோறு சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் வயிறு தள்ளவில்லையே என்று கேட்பார்கள். அவர்கள் அருவி வெட்டினார்கள், சூடு மிதித்தார்கள், கிணற்றில் பட்டை இறைத்தார்கள், மூன்று மைல் நடந்து சந்தைக்குப் போனார்கள். இப்போது காலபோகம் முடியும்போது வயலுக்குள் வெட்டு மெசின் இறங்கி ஒரு முற்பகலில் வேலையை முடித்துவிட்டுப் போகிறது. சைக்கிள் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கிணற்றில் மோட்டர் பூட்டியாயிற்று. வேலை பாதியாகிப் போனது. கோப்பை மட்டும் அப்பு காலத்துக் கோப்பையாகவே இருக்கிறது. அதோடு இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரணமாக வந்த கோதம்பமாவும் சீனியும் எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. முகாமில் ரொட்டி சுட்டுப் பழகிய கை, ஊருக்குத் திரும்பி வந்தபிறகும் ரொட்டியே சுடுகிறது.

முதலில் அளவுநாடா

நிறையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தால் இரண்டு தடவை பிரித்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. என் உயரம் 1.55 மீற்றர், 66ஐ 1.55ஆல் இரண்டு தரம் பிரித்தால் 27.5 வந்தது. 18.5க்குக் கீழே என்றால் நிறை காணாது. உலகம் முழுவதற்கும் 25 வரை அளவான நிறை என்பார்கள். எங்களைப் போன்ற ஆசிய உடம்புகளுக்கு 23ஐத் தாண்டும்போதே சீனி, இருதய நோய் ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் நன்றாகவே ஏறுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்வது ஒரு காரணம். ஆகவே தையல் நாடாவை எடுத்து இடுப்பையும் அளவுங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் தாண்டினால் கவனம் தேவை.

இந்தக் கணக்கு எங்கள் ஊரில் பலருக்கு அப்படியே பொருந்தாது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு காலோ கையோ இல்லாதவர் தராசில் ஏறினால் காட்டுகிற நிறை குறைவாகத்தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி முழு உடம்பின் நிறையில் ஏறக்குறைய 6 சதவீதம். இடுப்போடு முழுக் காலும் என்றால் ஏறக்குறைய 16 சதவீதம். என் கணவர் செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு நிறுத்தால் 68 கிலோ. அதை 0.94ஆல் பிரித்தால் 72 கிலோவுக்குச் சற்று மேலே வரும். சுட்டியை அந்த நிறையை வைத்துத்தான் பார்க்கவேண்டும். செயற்கைக்கால் போடுகிறவர்களுக்கு நிறை இன்னொரு விதத்திலும் முக்கியம். மூன்று, நாலு கிலோ ஏறினாலே காலை நுழைக்கிற கிண்ணம் இறுகும், தோல் உரஞ்சிப் புண்ணாகும், இறங்கினால் தளரும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குச் செலவாகிற கலோரியே குறைவு. "நடவுங்கோ, ஓடுங்கோ" என்ற அறிவுரை அவர்களுக்குப் பயன்படாது. கோப்பையை ஒழுங்குபடுத்துவதுதான் அவர்களுக்குக் கைக்கெட்டுகிற வழி.

கோப்பையை எப்படிப் பிரிப்பது

ஒரு கோப்பையை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி முழுக்க மரக்கறியும் கீரையும். மற்றப் பாதியை மீண்டும் இரண்டாக்கி, ஒரு கால் பங்கில் சோறு, இன்னொரு கால் பங்கில் மீனோ முட்டையோ இறைச்சியோ பயறு வகையோ. இவ்வளவுதான். உலகத்தில் பல நாடுகளில் சீனி நோயாளருக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாங்கள் சாப்பிடுவது இதற்கு நேர் எதிர்: கோப்பை நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் குழம்பு, ஒரு துண்டு மீன், நுனிவிரலால் தொட்டுக்கொள்ள ஒரு சம்பல். 400 கிராம் சோறு என்றால் அதிலேயே 520 கலோரி போய்விடும்.

தொடங்குகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. மரக்கறி என்று நாம் சொல்வதெல்லாம் இந்தப் பாதிக்குள் வராது. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை, ஈரப்பலா எல்லாம் மாச்சத்து. அவை சோற்றுக்குரிய கால் பங்குக்குள் போகவேண்டியவை. சோற்றோடு உருளைக்கிழங்குக் கறியும் வைத்தால் சோற்றுக்குச் சோறு தொட்டுச் சாப்பிட்ட கணக்கு. மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சம்பலோடு சாப்பிடுகிற நாளில் அதுவே சாப்பாடு, பின்னால் சோறு வேண்டாம். பருப்பு இரண்டுங்கெட்டான், புரதமும் உண்டு, மாச்சத்தும் உண்டு. மீன் இல்லாத நாளில் அதைப் புரதமாக எண்ணுங்கள், ஆனால் தண்ணியாகக் கரைத்த பருப்பில் புரதமும் தண்ணியாகத்தான் இருக்கும். கெட்டியாக வையுங்கள்.

அந்தப் பாதிக் கோப்பையை நிரப்ப வன்னியில் பஞ்சமே இல்லை. மாரி பெய்தால் வேலியெல்லாம் முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை. கிணற்றடியில் வல்லாரை, பொன்னாங்காணி. முற்றத்தில் முருங்கை. பயற்றங்காய், வெண்டி, புடல், பீர்க்கு, பாகல், கத்தரி, பூசணி, வாழைப்பொத்தி. ஆனால் முருங்கையிலையைக் கைநிறைய ஒடித்து ஆட்டுக்குப் போடுகிற எத்தனையோ பேர் அதை ஒரு வறையாக வறுத்து வைப்பதில்லை. "ஆயத் துவங்கினால் ஒரு மணித்தியாலம் போயிரும்" என்பார்கள். உண்மைதான். ஒரு வழி சொல்கிறேன்: மாலையில் கொப்பாக ஒடித்து ஒரு சீலையில் சுற்றி வையுங்கள். விடியப் பார்த்தால் இலை தானாக உதிர்ந்திருக்கும். நரம்பை மட்டும் எடுத்தெறிந்தால் போதும்.

புரதத்துக்கும் தூரம் போகவேண்டியதில்லை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று எந்தக் குளத்தைக் கேட்டாலும் ஜப்பான் மீன் (திலாப்பியா) கிடைக்கும். பேர்தான் ஜப்பான், ஆபிரிக்காவைச் சேர்ந்த அந்த மீனை 1952இல் இலங்கைக் குளங்களில் கொண்டுவந்து விட்டார்கள். 100 கிராம் சதையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், கலோரி நூறுக்குள்தான். குளத்து மீன் மண் மணக்கும் என்று முகம் சுளிப்பவர்கள் புளியும் மஞ்சளும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். முல்லைத்தீவுப் பக்கம் என்றால் சூடை மீனும் கீரி மீனும் இருக்கின்றன. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், எழுபது, எண்பது கலோரி. கருவாடும் புரதம்தான், ஆனால் உப்புக் கூட. ஒரு நாளைக்கு எல்லாக் கறியிலும் சேர்த்து ஆளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம், அதற்குமேல் போகக்கூடாது. பிரசர் உள்ள வீட்டில் கருவாட்டை வாரத்துக்கு ஒரு நாளோடு நிறுத்துங்கள். ஊறவைத்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

அரிசியில் சிவப்புப் புழுங்கல் நல்லது, மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் இன்னும் நல்லது. மில்லுக்கு நெல் கொண்டு போனால் வெள்ளையாகத் தீட்டாமல் தவிட்டோடு குத்தித் தரச் சொல்லுங்கள். தவிட்டிலுள்ள நார்தான் பசியைத் தாங்கும், சீனியை மெதுவாக ஏற்றும். குரக்கனைப் பற்றி ஒரு வார்த்தை. குரக்கன் சாப்பிட்டால் மெலியலாம் என்று நம்பி மூன்று நேரமும் குரக்கன் புட்டுச் சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு கிலோவும் இறங்கவில்லை. இறங்காது. குரக்கனிலும் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். குரக்கனில் கல்சியமும் நாரும் கூடுதல், அதற்காகச் சாப்பிடுங்கள். ஆனால் அளவு சோற்றுக்குரிய அளவுதான்.

தேங்காய் மூன்று வாசலால் வருகிறது

தேங்காய் கெட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது இல்லாமல் எங்களுக்குச் சமையலே இல்லை. ஆனால் ஒரு காலைச் சாப்பாட்டை உற்றுப் பாருங்கள். புட்டு அவிக்கும்போது மாவோடு தேங்காய்ப்பூ கலக்கிறோம். தொட்டுக்கொள்ளச் சம்பல் இடிக்கிறோம், அதுவும் தேங்காய்ப்பூ. குழைக்கச் சொதி, அது தேங்காய்ப்பால். ஒரே கோப்பைக்குள் மூன்று தரம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி. ஒரு முழுத் தேங்காய் 1000 கலோரிக்கு மேலே. காலைப் புட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டில் முக்கால் தேங்காய் போய்க்கொண்டிருந்தது.

நான் செய்தது இதுதான். தேங்காய் ஒரு சாப்பாட்டில் ஒரு வாசலால் மட்டும் வரலாம். புட்டுக்குள் தேங்காய்ப்பூ போட்டால் அன்றைக்குச் சம்பலுக்குப் பதிலாகத் தக்காளியும் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து தேசிக்காய் பிழிந்து வைப்பேன். சம்பல் வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிற நாளில் புட்டைத் தேங்காய் போடாமல், அவித்த பயறு கலந்து நீத்துப்பெட்டியில் அவிப்பேன். பயறு இருந்தால் புட்டு உதிரியாகவும் வரும், புரதமும் சேரும். சொதிக்கு முதற்பால் வேண்டாம், அதற்குப் பிறகு பிழிகிற கப்பிப்பால் போதும். பிழிந்த முதற்பாலை என்ன செய்வது? மகனின் கஞ்சிக்குள் போகும். அவனுக்குத்தான் அது தேவை.

எண்ணெயும் இப்படித்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. கத்தரிக்காயைத் தாச்சியில் பொரித்தால் அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொரித்த குழம்பின் ருசி எனக்கும் தெரியும். நல்லநாள் பெருநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் பால்க்கறி, அல்லது சுட்டுச் சம்பல். கத்தரிக்காய்ச் சுட்ட சம்பலுக்கு ஈடாக ஒன்றும் கிடையாது.

தேத்தண்ணி

நிறையைக் குறைக்க ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்று யாராவது சொன்னால் நான் கோப்பையைத் தொடமாட்டேன், தேத்தண்ணியைத்தான் தொடுவேன். விடியக் காலமை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாராவது வந்தால் ஒன்று, இரவு ஒன்று. ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் 50 கிராம் சீனி, 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் ஒருநாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது. ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், தலையிடிக்கும், எரிச்சல் வரும், மூன்றாம் நாள் பழையபடி இரண்டு கரண்டி போடுவீர்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். எங்கள் ஆச்சிமார் வெறுந்தேத்தண்ணியை ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள்; அது நல்ல வழக்கம், ஏனென்றால் துண்டு சின்னது. பனங்கட்டியும் சீனிதான், பெரிய துண்டைக் கடித்தால் பயனில்லை. சோடாப் போத்தல்களில் 2016இலிருந்து சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடுகிறார்கள். சிவப்பைக் கண்டால் வையுங்கள். தாகத்துக்கு மோர் இருக்கிறது, இளநீர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது.

தேத்தண்ணியோடு வருகிற பணிஸ், ரோல்ஸ், மிக்சர் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அவித்த கௌப்பியோ கடலையோ ஒரு பிடி, அல்லது ஒரு கொய்யாப்பழம். பாலைப்பழக் காலத்தில் பாலைப்பழம். இனிப்புக் கூட என்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

ஒரு நாள், எங்கள் அடுப்பில்

போன புதன்கிழமையை அப்படியே சொல்கிறேன். விடிய இலைக்கஞ்சி: ஒரு பிடி சிவப்பு அரிசி, வல்லாரையும் முசுட்டையும் அரைத்த சாறு. காலமைச் சாப்பாட்டுக்கு இடியப்பம், கப்பிப்பால்ச் சொதி, அவித்த முட்டை. இடியப்பம் எனக்கு நாலு, அம்மாவுக்கு நாலு, இவருக்கு ஐந்து, மகனுக்கு ஏழு. முட்டை ஆளுக்கு ஒன்று, மகனுக்கு இரண்டு.

மத்தியானம் சோறு, ஜப்பான் மீன் குழம்பு, முருங்கையிலை வறை, பூசணிக்காய்ப் பால்க்கறி, பயற்றங்காய்ப் பிரட்டல், வெள்ளரிக்காய் வெட்டி வைத்தது. சோற்றை அளக்க நான் சிரட்டை வைத்திருக்கிறேன். நன்றாகச் சுரண்டி மினுக்கிய ஒரு சின்னச் சிரட்டை. அமத்தாமல் நிரப்பினால் 200 கிராம் சோறு, 260 கலோரி. அம்மாவுக்கு ஒரு சிரட்டை, எனக்கு ஒரு சிரட்டை, இவருக்கு ஒன்றரை, மகனுக்கு இரண்டு, கேட்டால் மேலும். மரக்கறி எங்கள் மூன்று பேர் கோப்பையிலும் முதலில் விழும், பாதியை நிரப்பியபிறகுதான் சோற்றுப் பானை திறக்கும். இந்த ஒழுங்கு முக்கியம். சோறு முதலில் விழுந்தால் மரக்கறிக்கு இடம் இருக்காது.

முன்பு நாலு பேருக்கும் மூன்று சுண்டு அரிசி போடுவேன். மிஞ்சுவதை வீணாக்கக்கூடாது என்று இரவில் நானே சாப்பிட்டுத் தீர்ப்பேன். பல வீடுகளில் பெண்களின் நிறை இப்படித்தான் ஏறுகிறது: பிள்ளை வைத்த மிச்சம், பானையின் அடி, குழம்புச் சட்டியில் பிரட்டிய கடைசிக் கவளம். இப்போது இரண்டு சுண்டு. ஏறக்குறைய 400 கிராம் அரிசி, வெந்தால் ஒரு கிலோவுக்கு மேலே வரும், அளவாக முடிந்துவிடும். ஆனால் பெரிய பானையில் சோறு அரைவாசியில் கிடப்பதை அம்மாவால் பார்க்க முடியவில்லை. "என்ன பிள்ளை, அரிசி முடிஞ்சு போச்சே?" என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தா. சந்தையில் ஒரு சின்னப் பானை வாங்கினேன். இரண்டு சுண்டு அரிசி வெந்ததும் அது வாய்மட்டும் நிறைந்து நிற்கும். அதற்குப் பிறகு அவ கேட்கவில்லை.

இரவு ஏழரைக்குள் சாப்பாடு. குரக்கன் ரொட்டி, கீரைக் கடையல், மத்தியானத்து மீன். எனக்கு ஒரு ரொட்டி. பாண் வாங்குகிற இரவுகளில் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு இறாத்தல் பாண் 450 கிராம், முழுதாக 1200 கலோரிக்குக் கிட்ட. ஆளுக்குக் கால் இறாத்தலோடு நிறுத்தி, மீதி வயிற்றைப் பருப்பாலும் மீனாலும் நிரப்புங்கள். கூழ் காய்ச்சுகிற நாள் எங்கள் வீட்டில் திருநாள். ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், கீரை எல்லாம் ஒரே பானைக்குள் இருக்கும் சாப்பாடு அது. மரவள்ளியை அளவாகப் போட்டு, சோறு இல்லாமல் அதையே இராச்சாப்பாடாக வைத்துக்கொண்டால் ஒரு குறையும் இல்லை.

மெலிந்த பிள்ளையும், மருந்து எடுப்பவர்களும்

நிறையைக் கவனிப்பது என்றால் குறைப்பது மட்டும் இல்லை. தாய்க்கு நிறை கூட, பிள்ளைக்கு நிறை காணாது என்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. மகனுக்கு அதே உலையில் இருந்துதான் சாப்பாடு, ஆனால் கஞ்சிக்குள் முதற்பால், பின்னேரம் ஒரு பிடி கச்சான், கிழமைக்கு இரண்டு தரம் நல்லெண்ணெய் விட்ட உழுந்துக்களி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற பெட்டியில் ஒரு முட்டை. சின்னப் பிள்ளைகளின் நிறை வளர்ச்சி அட்டையில் எந்த நிறத்துக்குள் நிற்கிறது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவ தருகிற திரிபோஷ சத்துமாவைப் பிள்ளைக்கே கொடுங்கள், வீட்டில் எல்லாரும் பிரித்துச் சாப்பிட்டால் பிள்ளையின் உடம்பில் சேராது. கர்ப்பிணிகள் நிறை குறைக்கிற எந்த முயற்சியிலும் இறங்கக்கூடாது.

சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால், அல்லது ஒரு நேரச் சாப்பாட்டை விட்டால், சீனி இறங்கி மயக்கம் வரலாம். விரதக்காரருக்கும் இது பொருந்தும். அம்மாவுக்கு இந்த மாற்றத்தைத் தொடங்க முன்னர் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுத்தான் செய்தேன். வவுனியாப் பக்கத்திலும் வன்னியின் வேறு இடங்களிலும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரதம், கீரை, இளநீர், உப்பு எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. நான் மேலே எழுதிய கோப்பையை அவர்கள் அப்படியே எடுக்கவேண்டாம். இன்னொன்று: முயற்சி எதுவும் செய்யாமலே நிறை இறங்கிக்கொண்டு போனால் சந்தோசப்படாதீர்கள். சீனி வருத்தமும் கசமும் (காசநோய்) அப்படித்தான் தொடங்குகின்றன. உடனே போய்க் காட்டுங்கள்.

கிழமைக்கு ஒரு பக்கம்

திட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய கொப்பியில் ஒரு பக்கம். ஞாயிறு பின்னேரம் அடுத்த கிழமைக்கு ஒவ்வொரு மத்தியானத்துக்கும் ஒரு கீரை, ஒரு மரக்கறி, ஒரு புரதம் என்று எழுதுவேன். வீட்டில் காய்ப்பதை முதலில் எழுதி, இல்லாததைச் சந்தைக்கு. மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்து வருகிற நாள், வெள்ளிக்கிழமை மரக்கறி, மாதக் கடைசியில் கையில் காசு இறுகுகிற கிழமை, எல்லாம் அந்தப் பக்கத்துக்குள் வரவேண்டும். காசு இறுகுகிற கிழமைக்குக் கௌப்பி, பயறு, முருங்கையிலை, வாழைப்பொத்தி. அந்தக் கிழமைதான் என் நிறைக்கு நல்ல கிழமை. வெள்ளிக்கிழமைகளில் கவனம்: மச்சம் (மீன், இறைச்சி) இல்லை என்பதற்காக அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயாசம் என்று பொரியல்களும் இனிப்பும் புரதத்தின் இடத்தைப் பிடித்துவிடும். கடலைக் கறியோ தயிரோ அந்த இடத்துக்கு வரட்டும்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் கொப்பியை மூடி வையுங்கள். அன்றைக்கு நிறையச் சாப்பிடுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள். அடுத்த நாள் காலமை இலைக்கஞ்சியோடு திரும்பவும் தொடங்கலாம்.

தராசில் தினமும் ஏறவேண்டாம். தண்ணீர் குடித்தாலும் அரைக் கிலோ ஏறி இறங்கும். கிழமைக்கு ஒரு நாள், காலமை, வெறுவயிற்றில், ஒரே தராசில். வீட்டில் தராசு இல்லாவிட்டால் நாடாவால் இடுப்பை அளந்து அதே கொப்பியில் எழுதுங்கள். 66 கிலோ உள்ள ஒருவர் 3.3 கிலோ குறைத்தாலே அது 5 சதவீதம். பிரசரிலும் சீனியிலும் மாற்றம் தெரிய அது போதும். எனக்கு அந்த 3.3 கிலோ இறங்க மூன்று மாதம் எடுத்தது. நடுவில் இரண்டு கிழமை ஒன்றுமே அசையவில்லை, அந்த நாட்களில் இடுப்பு மட்டும் ஒரு சென்ரிமீற்றர் குறைந்திருந்தது.

இன்றைக்கே தொடங்க விரும்பினால், இரவு படுக்கமுன் ஒரு சுண்டு கௌப்பியைக் கழுவி ஊறப்போடுங்கள். கொல்லையில் முருங்கைக் கொப்பு இரண்டை ஒடித்துச் சீலையில் சுற்றி வையுங்கள். விடியக் கௌப்பியை உப்புப் போட்டு அவித்து, காலமைக்குப் பாதி, பின்னேரத் தேத்தண்ணிக்குப் பாதி என்று பிரித்து மூடி வைத்துவிட்டு, சிரட்டையை எடுத்துக் கழுவுங்கள்.